செராமிக் ஸ்டாப்பில் இறங்கிப் போன அப்பா

போன வாரம் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "அஸ்தி கரைக்கக் காசிக்கே போகணுமா, விருத்தாசலம் போதுமா?" போதும் ஐயா, தாராளமாகப் போதும். எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம், என் அப்பாவின் அஸ்தியை நான் அங்கேதான் கொண்டுபோய்க் கரைத்தேன். கரைப்பதற்குள் நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் கட்டணங்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், அதெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. தூரங்களை மட்டும் நம்பலாம்.

அப்பா விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்து கடலூரில் குடியேறியவர். எதையும் அலைச்சலில்லாமல் முடிக்க வேண்டும் அவருக்கு. படுத்த படுக்கையாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "காசி கீசின்னு சுத்தாத. மணிமுத்தாத்துல போட்டுடு. அங்க போட்ட எலும்பு கல்லா மாறி அடியில தங்கிடும்டா, மெதந்துகினு எங்கியும் போவாது" என்றார். மணிமுத்தாறு ஓடும் விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்றே பெயர் உண்டு. காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம் என்பார்கள். அப்பாவுக்குப் புண்ணியத்தைவிட, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் என்பதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் போன மூன்றாம் நாள் எலும்பு பொறுக்கி, பால் தெளித்து, சின்ன மண் கலயத்தில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கையில் கொடுத்தார்கள். மறுநாள் காலை 6.10க்குக் கடலூரில் பஸ். விருத்தாசலம் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். கூட வருகிறேன் என்ற மைத்துனரை வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ஒரு கலயத்தைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேர் வேண்டும் என்ற திமிர்.

கலயத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வடலூர் தாண்டியதும் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் பானையில?"

அஸ்தி என்று சொன்னால் பஸ்ஸில் முகம் சுளிப்பார்கள், சிலர் இறக்கியும் விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "மண்ணுங்க."

"செராமிக்கு மண்ணா? அத மொதல்லியே சொல்றதில்ல? இப்டி குடுங்க, முன்னால வெச்சிடறேன். யாரு காலாவது பட்டு ஒடஞ்சிடப் போவுது."

அந்த பஸ்ஸின் வழக்கம் எனக்குத் தெரியாது. நெய்வேலிப் பக்கம் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளை மண்தான் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்குச் சோறு போடுவது. லாரியில் மண் அனுப்புவதற்கு முன், மாதிரிக்குக் கொஞ்சம் மண்ணைக் கலயத்தில் போட்டு, துணியால் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், செராமிக் ஸ்டாப்பில், கண்டக்டர் அதை இறக்கிக் கொடுத்துவிடுவார். சீட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அன்று மந்தாரக்குப்பத்தில் அப்படி இரண்டு கலயங்கள் ஏறியிருக்கின்றன. என்னுடையதோடு மூன்று. எல்லாவற்றுக்கும் வாயில் வெள்ளைத் துணி. நான் நாலு நாள் தூக்கத்தை மொத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

8.40க்கு விருத்தாசலம் பஸ் நிலையம். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கலயம் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்சம் கனமாக இருந்த மாதிரிதான் இருந்தது. அப்பா கனத்த மனுஷன்தானே என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள் என் புத்தியை.

ஆற்றுக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். அறுவடைக் காலம் என்பதால் கடைத்தெரு முழுக்க மாட்டுவண்டிகள். திட்டக்குடிப் பக்கத்து நெல் மூட்டை, பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு, வெயிலில் கொட்டிப் பரப்பியிருந்த மல்லாட்டை. பஸ் ஹாரனுக்கு வண்டிமாடு அசைவதாக இல்லை. அவற்றைத் தாண்டினால் பழமலைநாதர் கோயில். ஒரு சோழ ராணி கற்கோயிலாக எடுத்துக் கட்டியது என்பார்கள். அங்கே எல்லாமே ஐந்து: கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. மாசி மகத்துக்குப் போனால் கால் வைக்க இடம் இருக்காது, தையில் போவதுதான் நல்லது. கோயிலை ஒட்டி ஆறு. முழங்கால் அளவு தண்ணீர், அக்கரை வரைக்கும் மணல். ஒரு பக்கம் துணி துவைக்கிறார்கள், ஒரு பக்கம் மாடு குளிப்பாட்டுகிறார்கள், நடுவில் திதி கொடுக்கிறார்கள். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

படித்துறையில் ஓர் ஐயர் கிடைத்தார். கலயத்தின் மேல் எள்ளும் தர்ப்பையும் போட்டு, கோத்திரம் கேட்டு, மந்திரம் சொல்லி முடித்து, "அவிழ்த்துக்கோ தம்பி" என்றார். அவிழ்த்தேன்.

உள்ளே வெள்ளை வெளேரென்று மண்கட்டி.

ஐயர் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, இது அஸ்தி இல்லியே? சுண்ணாம்பாட்டம்னா இருக்கு?"

கரையிலிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். எந்த பஸ், எங்கே ஏறினீர்கள் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். நான் கண்டக்டரிடம் மண் என்று சொன்னதைச் சொன்னதுமே ஒருவர், "அப்போ செராமிக்குலதான் எறங்கியிருக்கும். சீக்கிரம் ஓடுங்க, மண்ணு வந்ததும் தொட்டியில கொட்டிடுவாங்க" என்றார். அப்போது மணி 9.20.

ஒரு ரூபாய்க்கு ஜட்கா. மடியில் மண் கலயம். எந்த மண் வந்தாலும் அங்கே முதல் வேலை ஊறப்போடுவதுதானாம். பிறகு சலித்து, வில்லை தட்டி, சூளையில் வேகவைத்து நிறம் பார்ப்பார்களாம். இதையெல்லாம் வண்டிக்காரர் நிதானமாக விளக்கிக்கொண்டே வந்தார். நான் கேட்கவேயில்லை. எனக்கு அப்பா ஊறுகாய் ஜாடியாகவும், ஃபியூஸ் கட்டையாகவும் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்டது ஒரே ஒரு காரியம். அதையும் கெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

"கெடைக்கலன்னா கொளஞ்சியப்பர் கோயில்ல ஒரு பிராது கட்டிடலாம் சார்" என்றார் வண்டிக்காரர். மணவாளநல்லூரில் இருக்கும் முருகன் அவர். யார் மேலாவது குறை இருந்தால் மனுவாக எழுதிச் சந்நிதியில் கட்டிவிடுவார்கள், அவர் விசாரிப்பார்.

"என் மேலதாங்க கட்டணும்" என்றேன்.

பட்டறை என்றால் நீளமான ஓட்டுக் கொட்டகை. சின்னச் சின்ன முதலாளிகள் பலர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சூளை. வாசலிலேயே கேட்டேன், இரண்டாவது கொட்டகையைக் காட்டினார்கள். ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முழங்கை வரை வெள்ளை மண்ணோடு ஒரு பெண் நின்றிருந்தார். லூர்து மேரி என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். தொட்டியில் ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கலயத்தை நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார், என் சவரம் செய்த தலையைப் பார்த்தார். "உங்குளுதா சார் அது? பயப்படாதீங்க, பத்திரமா இருக்குது" என்று மேலே காட்டினார். காய்வதற்காக வரிசையாக அடுக்கியிருந்த பொம்மைகளுக்கு நடுவே, பலகையின் மேல்தட்டில், துணி கட்டியபடி அப்பா இருந்தார்.

"ஒண்ண ஊறப்போட்டுட்டேன். இத அவுத்துக் கைய வெச்சா மண்ணு மாரி ஒட்டல. பால் வாசன வேற. நாங்க பொதைக்கிறவங்க சார், ஆனா பக்கத்து வூட்டுல பாத்திருக்கேன். மேஸ்திரி கொட்டு கொட்டுன்னாரு. எவுங்களோ தேடிகினு வருவாங்க, கொட்ட மாட்டேன்னு மேல வெச்சிட்டேன்."

கலயத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, "யாரு சார்?" என்றார்.

"அப்பா" என்றேன். சொன்னதும் உடைந்துவிட்டேன். அவர் செத்த அன்றும் அழவில்லை, கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. ஆளை அனுப்பு, பந்தல் போடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்தக் கொட்டகையில் நின்று கலயத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க அழுதேன். துக்கம் பாதி, போன உயிர் திரும்பி வந்த நிம்மதி பாதி. மேஸ்திரி ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். யாரோ டீ வாங்கி வந்தார்கள். மேரி நான் கொண்டுவந்த கலயத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "எள்ளெல்லாம் போட்டுட்டீங்களா? செரி, பொறுக்கிட்டு ஊறப்போடறேன்" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

10.30க்கு மறுபடி ஆற்றங்கரை. ஐயர் காத்திருந்தார், மந்திரத்தை முதலிலிருந்து சொன்னார். தண்ணீரில் இறங்கியாயிற்று. "விடு தம்பி" என்றார். எனக்குக் கை வரவில்லை. இப்போதுதானே கிடைத்தார்? திருப்பிக் கொடுக்கவா இந்த ஓட்டம் ஓடினேன்? ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டேன். ஐயர் முகம் கழுவப் போய்விட்டார். மணலில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியது கொஞ்சம் இருந்தது, சொன்னேன். பிறகு தண்ணீரில் இறங்கி அப்பாவை விட்டேன். மனசு லேசாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: ரயிலில் வந்தால் ஜங்ஷனிலிருந்து ஆற்றுக்கு ஆட்டோவில் போய்விடலாம். மழை முடிந்து தைக்குள் போனால் தண்ணீர் இருக்கும், கோடையில் வெறும் மணல்தான். கலயத்தில் பெயர் எழுதுங்கள், கேட்டால் என்னவென்று உண்மையைச் சொல்லுங்கள். திரும்புகிற பஸ்ஸை மட்டும் நெருக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விடுவதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.