நுரை அண்ணனின் இடது கை

என் மனைவிக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிய நாட்களில் தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கையோடு வந்தது. தலையணையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பக்கத்துக் கடை நுரை அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. மறுநாள் மதியம் அவர் சலூன் ஷட்டரைப் பாதி இறக்கி, "குழாய் ரிப்பேர்" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவளைக் கூட்டி வரச் சொன்னார். உள்ளே கண்ணாடி முழுக்கத் துண்டு போட்டு மூடியிருந்தது. "தூசி அடையுதும்மா, அதான்" என்றார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மழித்து முடித்து, விழுந்த முடியையெல்லாம் அள்ளிப் பையில் கட்டிய பிறகுதான் அவளைக் கண் திறக்கச் சொன்னார். அப்புறம் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. என் மனைவி இன்றைக்கும் சாமி கும்பிடும்போது அவரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறாள்.

நான் அவர் கடைக்கு அடுத்து இஸ்திரி போடுகிறவன். சோப்பைக் குழைத்து முகத்தில் வெண்ணெய் மாதிரி நுரை கட்டுவார், அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். கத்தி போவதே தெரியாது. நாற்காலியில் சாய்ந்தபடியே குறட்டை விட்டவர்கள் உண்டு.

ஒரு நாள் காலையில் கடைப் பூட்டில் சாவியை நுழைத்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். உயிரை ஆண்டவன் திருப்பிக் கொடுத்தான். பேச்சு வந்தது, நடையும் ஒரு மாதிரி வந்தது. வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

கடையை அவருடைய மச்சினன் பார்த்துக்கொண்டான். நல்ல மனுஷன், நாக்குதான் கொஞ்சம் நீளம். "மாமா, நீங்க ராஜா மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிங்க" என்பான். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாராவது முகச் சவரத்துக்கு வந்தால் சட்டென்று எழுந்திருப்பார், பிறகு அவரே உட்கார்ந்துகொள்வார். எனக்குப் பார்க்கவே தாங்காது.

சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. ஒரு நாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"தம்பி, என்னைப் பாதியா விட்டு வெச்சதுக்கு உன் சாமி என்னடா சொல்லுது?"

"அப்படிப் பேசாதீங்கண்ணே."

"வேற எப்படிப் பேச? எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. அதுவும் போச்சுன்னா, தினம் எதுக்கு எழுந்திரிக்கிறது?"

கவனம் தப்பி ஒரு காலர் சூட்டில் பழுத்துவிட்டது. மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, "இடது கை இருக்கேண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

தொழில் பழகுகிறவர்கள் முதலில் பலூனில் நுரை தடவித்தான் கத்தி ஓட்டிப் பழகுவார்கள். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் மறுபடி அந்தப் பலூனுக்கே போனார். பட், பட்டென்று வெடித்துக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது என்பதால் அண்ணிதான் ஊதிக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

"ஊதி ஊதி எனக்குக் கன்னம் தொங்கிப் போச்சு. எதிர்வீட்டுக்காரி, யாருக்குப் பிறந்தநாள், கேக் எங்கேன்னு கேக்கறா" என்பார் அண்ணி.

கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பது நின்றது. ஒரு நாள் முழுப் பலூனையும் சுத்தமாக வழித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"என் மூஞ்சி இருக்கு, எடுங்கண்ணே" என்றேன்.

"வீட்ல சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்றான் மச்சினன்.

நுரை அதே வெண்ணெய்தான். கத்தியை எடுத்துக்கொண்டு எப்போதும் போல என் வலப்பக்கம் வந்து நின்றார். இரண்டு இழுப்பு நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் அவர் முழங்கை நாற்காலியின் தலைச்சாய்வில் இடித்தது. தாடைக்குக் கீழே சுருக்கென்றது. துண்டில் ரத்தம்.

"கொசு கடிச்ச மாதிரிதாண்ணே."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கொஞ்சம் கீழே இறங்கியிருந்தா கழுத்துடா" என்றார்.

அதன்பின் கடைக்கே வரவில்லை. அண்ணி வந்து அழுதார். "சுவத்தப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார். கத்தியெல்லாம் என் தம்பிகிட்டயே குடுத்துடச் சொல்லிட்டார். எனக்குப் பயமா இருக்குப்பா, தனியா விட்டுட்டு வெளிய வரவே பயமா இருக்கு."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவர் படுகிற பாடு என்னவென்று தெரிந்துகொள்ள இஸ்திரிப் பெட்டியை இடது கையில் பிடித்தேன். பெட்டியின் கரண்ட் வயர் சட்டையின் மேலேயே புரண்டது. எவ்வளவு பார்த்துத் தேய்த்தாலும் மடிப்புக் கலைந்தது. பிறகுதான் பார்த்தேன், கையை மாற்றிய நான் நிற்கிற இடத்தை மாற்றவில்லை. மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனதும் வயர் ஒதுங்கியது. ஆண்டவன் காட்டிக் கொடுத்தான் என்றுதான் சொல்வேன். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, கை பழகிடுச்சு, கால்தான் பழகல. இன்னும் பழைய பக்கமே போய் நிக்கிறீங்க. பலூனை எந்தப் பக்கம் நின்னும் வழிக்கலாம், மூஞ்சி அப்படியா?"

சுவரைப் பார்த்தபடியே, "இஸ்திரிக்காரன் எனக்குக் கத்தி சொல்லித் தர்றானாம்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் கடைக்கு வந்து நின்றார்.

அவர் கால் பழைய பக்கம் போகாதபடி மச்சினன் அங்கே தண்ணீர் வாளியை வைத்தான். "விழுந்தா என்னைத் திட்டக் கூடாது மாமா." நான் நாற்காலியில் உட்கார, அண்ணன் என் இடப்பக்கம் நின்றார். வியர்வை சொட்டியது. ஒரு கன்னம் முடிந்ததும் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு இவ்வளவுதாண்டா முடியும்." மீதியை மச்சினன் எடுக்க வந்தான், நான் விடவில்லை. அன்று பாதித் தாடியோடு துணி தேய்த்தேன். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அடுத்த நாள் மறு கன்னத்தை அவரே எடுத்தார்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வேறு யாரும் அவரிடம் உட்காரவில்லை. "நான் உங்க மச்சினன்கிட்டயே எடுத்துக்கறேன்" என்று பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அவருக்கு என் முகம் ஒன்றுதான் வாய்த்தது. கடைசியில் வெளியூரில் இருக்கும் அவருடைய மகள் வந்து, தன் ஊரில் கைக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது என்று இரண்டு பேரையும் அழைத்துப் போனாள்.

பேருந்து நிலையத்தில் வழியனுப்பினேன். நாங்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அன்றுதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "அங்கே எவண்டா எனக்கு மூஞ்சியைக் குடுப்பான்?" என்றார். வண்டி உறுமியது. அவர் இடது கையை வெளியே நீட்டி என் தாடையைத் தடவிப் பார்த்தார்.

"மச்சினன்கிட்ட போகாதே, அவன் அவசரக்காரன். வளரட்டும் விடு. நான் வந்து எடுக்கிறேன்."