கருப்பாயி வேண்டாம் என்றாள்

மலாயாவில் சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்த கருப்பாயிக்கு, 1934இல் இரண்டாவது பிள்ளையும் இறந்தே பிறந்தது.

"மூணு மாசம் புருஷன் பக்கத்துல போகாதம்மா. இப்ப உண்டானா உசுருக்கே ஆபத்து" என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர்.

புருஷன் ராமையாவிடம் அப்படியே சொன்னாள். சரி என்றான். ஆனால் பதினைந்து நாள்கூட அவன் பொறுக்கவில்லை. அவள் கெஞ்சியது அவன் காதில் ஏறவில்லை.

மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஆயா சுப்பம்மா தொட்டில்களை ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பெரட்டில் வைத்துத் தீர்ப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லோரும் வரிசையில் நின்றபோது ராமையா முறையிட்டான்.

கங்காணி அப்புசாமி வெற்றிலையைத் துப்பினார். "ஏம்மா, தாலி கட்டுனவன்தான கூப்புடுறான்? பேசாம லயத்து வீட்டுக்குப் போ."

"சுப்பம்மாக்கா, ராமையாவுக்கும் ஒரு தொட்டிலு கட்டிக் குடு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஆண்கள் சிரித்தார்கள்.

கருப்பாயி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"தாலி கட்டயில எங்கப்பன்கிட்டதான் சம்மதம் கேட்டாங்க, கங்காணியாரே. என்னைய அன்னைக்கும் யாரும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல. ரெண்டு பிள்ளைங்க மண்ணுக்குள்ள கெடக்குதுங்க. மூணாவதா நானும் போய்ப் படுக்கணுமா? இவரு வாயால சொல்லட்டும், போறேன்."

சிரிப்பு நின்றது. ராமையா வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"சரி சரி, பால் வெட்டுக்குப் போங்க" என்றார் கங்காணி. தீர்ப்பு சொல்லவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் மத்தியானம், பால் வாளியைக் கழுவி வைத்த ஈரக் கையோடு, ராமையா கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"வரியா புள்ள?"

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். மூணு மாசம் ஆகட்டும்."

"இழுத்துட்டுப் போகப் போறியாடா?" என்று சுப்பம்மா எழுந்தாள்.

"இல்லக்கா. கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவன் திரும்பி நடந்தான்.

ஐயோ, ஆறு வருஷ வாழ்க்கையில் அவள் வேண்டாம் என்று சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை! கருப்பாயிக்குச் சந்தோஷம் வரவில்லை. கேட்கப்படாமலே போன நாட்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. ஊரார் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.