ஒன்று ஜெயிப்பான், இல்லை சாவான்

பேய்க்கதை கேட்டால் கொடுப்பேன். துப்பறியும் கதை கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பேன். ஆனால் ஊர்பேர் தெரியாத நாற்பது பேரைப் பிடித்து ஒரு கட்டடத்தில் அடைத்து, கடைசியில் ஒருவன் மிஞ்சும்வரை வெட்டிக்கொண்டும் கடித்துக்கொண்டும் சாகவைக்கிற போட்டிக் கதைகள் இருக்கின்றனவே, அவற்றைத் தொட்டாலே எனக்குக் கை கழுவத் தோன்றும். அப்படிப்பட்ட கதைகளைத் தேடித் தேடி வாங்கி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வாராவாரம் திரேஸ்புரத்துக்கு நான் ஓடியது ஜேசுபாதம் என்ற ஒரே ஆளுக்காகத்தான்.

என் பெயர் முத்துக்கனி. தூத்துக்குடியில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ஆள் வருவது குறைந்ததும் நானே வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். பிள்ளை பெற்றவர்கள், கால் ஒடிந்தவர்கள், ரிட்டையர் ஆகி வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. எனக்கு வாய் நீளம் என்பார்கள். எந்தப் புத்தகத்தையும் நாலு வார்த்தை திட்டாமல் நான் கொடுத்ததில்லை.

ஜேசுபாதம் சங்கு குளிக்கிறவன். குளித்தவன் என்று எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. வள்ளத்தில் கம்பரசர் ஓடும். அதிலிருந்து காற்று வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டு ஆள் கடலுக்குள் இறங்குவான். மேலே ஒருவன் அந்த டியூபையும் கயிற்றையும் கையில் பிடித்திருப்பான். இறங்க இறங்க விட்டுக்கொடுப்பான். கீழேயிருந்து இழுப்பு வந்தால் தூக்குவான். அந்த ஒருவன் கண்டவனாக இருக்கக் கூடாது, பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்கும்படி எவனும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்ற நம்பிக்கை. ஜேசுபாதத்துக்காகக் கயிறு பிடித்தவன் அவன் மனைவி ரொமில்டாவின் தம்பி பிரைட்டன்.

பிரைட்டன் நழுவவிடவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நல்ல சங்கு கிடக்கிறது என்று ஜேசுபாதம் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக ஏறிவிட்டான். அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழியிட்டு உடம்பை முடக்கிவிடும். வள்ளத்தில் உட்கார்ந்ததும் கால் மரத்துப்போகிறது என்றான். குளியாட்கள் வழக்கமாகச் செய்வதையே அவர்களும் செய்தார்கள். திரும்ப ஆழத்தில் இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும் என்று மறுபடி கடலில் இறக்கினார்கள். முன்னே சிலருக்கு அப்படிச் சரியாகியும் இருக்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சரியாகவில்லை என்றதும் இன்னொரு தடவை இறக்கினார்கள். கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஜேசுபாதத்துக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

“மொதல்லயே கூட்டிட்டு வந்திருந்தா…” என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். மீதியைப் பிரைட்டன் தனக்குள்ளே தினமும் சொல்லிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவன் மச்சானின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

ரொமில்டாதான் ஒருநாள் கடைக்கு வந்தாள். “எதாவது புக்கு குடுங்கக்கா. மோட்டுவளையையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ” என்றாள்.

நான் நல்ல குடும்பக் கதைகளாகப் பொறுக்கி எடுத்துப் போனேன். அடுத்த வாரம் ஜேசுபாதம் அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

“ஏம்ல, பிடிக்கலையா?”

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எல்லாரும் நடந்துக்கிட்டே இருக்காங்க.”

அவன் தலையணைக்கடியில் கையைவிட்டு அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் விட்டுப்போனதாம். “இந்த மாதிரி இருக்கா?” என்று கேட்டான்.

வாங்கிப் போய்ப் படித்துப் பார்த்தேன். மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலை, தளத்துக்கு ஒரு விளையாட்டு, தோற்றவனை மிஷினுக்குள் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது யார் என்று தெரியாமல் எழுந்திருக்க மனமில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

“இதுலயுந்தான் ஓடுதானுவ. நடந்தா பிடிக்கல, ஓடுனா மட்டும் பிடிக்குதோ?” என்று அடுத்த வாரம் போய்ச் சண்டை பிடித்தேன்.

“ஓடுதான். ஆனா செத்துருதாம்லாக்கா” என்று சிரித்தான்.

அதிலிருந்து வாராவாரம் எங்களுக்கு இதே வழக்கு. பெயர் மனதில் பதிவதற்குள் ஆள் செத்துவிடுகிறான் என்பேன். ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றுகிறானே தவிர ஒரு சொட்டும் நம்மேல் படவில்லை என்பேன். கண்ணைத் தோண்டினான், குடலை உருவினான் என்று பத்துப் பக்கம் போனால் பதினோராம் பக்கத்தில் கொட்டாவி வருகிறது, பயம் எங்கே வருகிறது என்பேன். ஜேசுபாதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டுவான்.

“நாப்பது பேர அடச்சு வச்சிருக்கானே, ஒருத்தனுக்காவது ஒண்ணுக்கு வருதால?” என்று ஒருநாள் கேட்டேன். கேட்ட பிறகுதான் கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவனோ கட்டில் குலுங்கச் சிரித்தான். “அதுதாங்க்கா எனக்குப் பிடிக்கி” என்றான். சிரித்து ஓய்ந்ததும் சொன்னான். “விசில் ஊதுதான், போட்டி ஆரம்பிக்கி. ரூல் இன்னதுன்னு முன்னாடியே சொல்லிருதான். கடல்ல எனக்கு யாருக்கா விசில் ஊதுனா? அப்பறம் இன்னொண்ணு பாத்தியளா? ஒண்ணு ஜெயிப்பான், இல்ல சாவான். பாதியில கெடக்கவன்னு ஒருத்தங்கூட கெடையாது.”

அந்தக் கதைகளின் பெரிய ஓட்டை என்று நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ, அதையே அவன் சுகம் என்றான். எனக்கு எழுதினவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. கால் போனவனை அவர்கள் அடுத்த பக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். உயிரோடு வைத்தால் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கிறவள் யார், புண்ணைக் கழுவுகிறவள் யார் என்று எழுத வேண்டிவருமே. நான் கொண்டுபோய்க் கொடுத்த அத்தனை புத்தகத்திலும் ரொமில்டாவைப் போல் ஒருத்தி இல்லை. அவள் அந்த நேரம் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்செல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிரைட்டன் தானே கடலில் இறங்கப்போவதாகச் சொன்னான். அக்காள் வீட்டு அடுப்பு அவனை நம்பித்தான் எரிந்தது. டியூப் பிடிக்கிறவன் பங்கு ஒரு வீட்டுக்குப் போதாது, குளிக்கிறவன் பங்குதான் காணும். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

“வேண்டாம்ல. ஹார்பர்ல லோடு ஏத்தப் போ” என்றான் ஜேசுபாதம்.

“போய்ப் பாத்தேன் மச்சான். எப்பமாச்சும்தான் கூப்பிடுதான்” என்றான் பிரைட்டன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஒனக்கு யாருல பிடிப்பா?”

பிரைட்டனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண்டாட்டி இல்லாதவனுக்கு மச்சினன் எங்கிருந்து வருவான்? வள்ளத்தில் கூலிக்கு வருகிற எவனோ ஒருவன்தான் பிடிக்க வேண்டும்.

“அப்பம் என்னயத் தூக்கிட்டுப் போ” என்றான் ஜேசுபாதம். “காலுதான போச்சு, கையி இருக்குல்லா? வள்ளத்துல ஒக்கார வச்சுக் கட்டிப்போடு. நான் பிடிக்கேன்.”

“ரெண்டு பேரையும் கடலுக்கு அனுப்பிட்டு நான் கரையில நிக்கவா?” என்று ரொமில்டா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

பிரைட்டன் மெதுவாகச் சொன்னான். “நான் கீழ இருந்து இழுத்தா, கால ஊனித்தான தூக்கணும் மச்சான்.”

ஜேசுபாதம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

நான் கிளம்பும்போது அவன் என் கையைப் பிடித்தான். “நீங்க சொன்னா கேப்பான்க்கா. ஒரு வார்த்த சொல்லுங்க” என்றான். என் நீள வாயை அவன் நம்பினான். தெருமுனையில் பிரைட்டனை மறித்து, கொஞ்சியும் திட்டியும் என்னென்னவோ சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிக்கா, நான் போகல. நீங்க இந்த வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுதியளா?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரைட்டன் முதன்முதலாக இறங்குகிற நாளில் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. காலையிலேயே அங்கே போனேன். ரொமில்டா வீட்டில் இல்லை, கடற்கரைக்குப் போயிருந்தாள். ஜேசுபாதத்தின் நெஞ்சின் மேல் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடந்தது.

“எழுத்து கண்ணுல நிக்க மாட்டேங்குக்கா. நீங்க வாசிங்க” என்றான்.

நான் எனக்குப் பிடிக்காத அந்த அசிங்கத்தையெல்லாம் குரலெடுத்து வாசித்தேன். அவன் மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தான். வலது கை மட்டும் போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தது. நரம்புக் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் திரும்ப வேண்டிய வள்ளம் வரவில்லை. வெளியே காற்று வலுத்துத் தகரக் கூரைகள் தடதடத்தன. கதையில் கடைசி இரண்டு பேர் ஒரு பாழுங்கிணற்றில் கயிற்றில் தொங்கினார்கள். மேலே ஏறினவன் கீழே இருந்தவனின் கயிற்றை அறுத்தான். கதவு திறந்தது. முற்றும்.

“வாசிங்க” என்றான் ஜேசுபாதம்.

“முடிஞ்சிட்டுல.”

“வாசிங்கக்கா.”

அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலிருந்த வெற்றுத் தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, அச்சில் இருப்பதைப் போலவே வாசிக்க ஆரம்பித்தேன். ஜெயித்தவன் செருப்பில்லாமல் ரோட்டில் நடந்தான். பஸ் ஏறினான். அறுத்தவன் தன் வீட்டுக்குப் போகாமல் அறுக்கப்பட்டவன் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் செத்தவனின் அக்காள். இது சரிப்படாது என்று, கயிறு பாதிதான் அறுந்தது, கீழே இருந்தவன் ஒரு கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான், இவன் திரும்பி ஓடிப்போய்த் தூக்கிவிட்டான் என்று மாற்றினேன். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ஊர் திரும்பினார்கள். மழை பெய்தது. எனக்குக் கதை வறண்டுகொண்டே வந்தது. வள்ளம் வந்தபாடில்லை.

“இந்தப் புக்க நான் நாலு தடவ வாசிச்சிருக்கேன்” என்றான் அவன் திடீரென்று.

எனக்குச் சுருக்கென்றது. “பெறவு எதுக்குல என்னய இந்தப் பாடு படுத்துதே?”

“நிப்பாட்டிராதீங்கக்கா. நீங்க நிப்பாட்டுனா கம்பரசர் நின்னுபோன மாதிரி இருக்கு.”

வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. என் மாமியார் கதை, என் கடைக் கதை, சாயர்புரம் பள்ளிக்கூடத்தில் நான் படித்த கதை எல்லாவற்றையும் அந்த இரண்டு பேர் தலையில் ஏற்றினேன். நாக்கு உலர்ந்தது. தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு குடிக்காமலே வாசித்தேன். அவனுடைய கை போர்வையை இழுத்தது, விட்டது, இழுத்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் நிழல் தட்டியது. ரொமில்டா, அவளுக்குப் பின்னால் பிரைட்டன். தலைமுடியெல்லாம் உப்பு. காற்றுக்கு வள்ளம் ஒதுங்கி நின்றதாம், வேறொன்றும் இல்லையாம். ரொமில்டா சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரைட்டன் கட்டிலருகே வந்து மச்சானின் கையைப் பார்த்தான். நான் காலையிலிருந்து பார்த்தும் புரியாதது அவனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அத்தனை நேரமும் அந்தக் கை அவனுக்கு டியூப் பிடித்துக்கொண்டிருந்தது.

“மேல வந்துட்டேன் மச்சான்” என்றான், அவன் முகத்தைப் பார்த்து. “விடுங்க.”

ஜேசுபாதம் விடத்தான் பார்த்தான். விரல்கள் விறைத்துப்போய்த் திறக்கவில்லை. பிரைட்டன் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். பிரித்த பிறகும் அந்தக் கையை அவன் கீழே வைக்கவில்லை.

“நாளைக்கும் போறியால?” என்று கேட்டேன். பிரைட்டன் ஆமாம் என்று தலையாட்டினான்.

“அடுத்த வாரம் வேற புக்கு கொண்டாரேன்” என்றேன் ஜேசுபாதத்திடம், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

“நாளைக்கே வாங்கக்கா” என்றான். “இதே புக்கு போதும். முடிஞ்சதுக்குப் பெறவு உள்ளத வாசிங்க.”

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். காற்று வலுத்து வள்ளங்கள் இறங்காத நாட்களில்தான் எனக்கு லீவு. அந்த வெற்றுத் தாளை எத்தனை நாளைக்கு வாசிப்பேன் என்று தெரியாது. நிப்பாட்ட எனக்குத் தைரியம் இல்லை.