ரிவர்ஸ் எடுத்தால் கெட்டிமேளம்

எங்கள் வீட்டுக்கு வண்டி வந்தபோது நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. எங்களுக்கு முன்னால் அதை ஒரு டாக்டர் வைத்திருந்தாராம். அதனால் வண்டிக்கு நோய்நொடியே வராது என்பதுபோல, பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவர் சூப்பர்வைசர். நாள் முழுவதும் அடுத்தவர் பெட்டிகளை அடுத்தவர் லாரிகளில் ஏற்றி அனுப்புகிறவருக்குத் தனக்கென்று ஒரு பெரிய வண்டி வேண்டும் என்று ஆசை வந்ததில் வியப்பில்லை. அம்மா ஒத்துக்கொண்டதுதான் வியப்பு. மிக்சி மாற்றுவதற்கே ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை யோசிக்கிறவள், வண்டி விஷயத்தில் மட்டும், வாங்குவதாக இருந்தால் இந்த மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள் என்று அப்பாவை விரட்டினாள்.

ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. கீழே தாத்தா, மேலே நாங்கள். மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும். சந்துக்குள் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. தெருமுனையிலிருந்தே ரிவர்ஸில் வர வேண்டும். முதல் நாள் அப்பா அப்படி வந்து சேர்வதற்குள் சந்தில் பாதிப் பேர் ஆளுக்கொரு திசையில் கை காட்டிக் குழப்பிவிட்டார்கள். தாத்தா மட்டும் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய வண்டி எதற்கு, யாரை ஏற்றப் போகிறான் என்று கேட்டார். தாத்தா கேட்டு அப்பா நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அந்த வார சனிக்கிழமை எம்.கே.பி. நகரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவரிடம் ஒரு பைக் இருந்தது. அதில் கம்பெனி கொடுத்தது என்று எஞ்சின் மட்டும்தான் மிச்சம் என்பார் அப்பா. மாமா எங்கள் வண்டியை நிதானமாகச் சுற்றி வந்தார். வண்டி அம்மணமாக நிற்கிறது என்றார். முன்னால் மாடு முட்டினாலும் அசையாத கம்பி பம்பர், மேலே கேரியர், அடியில் நீல வெளிச்சம், பின்னால் ஒரு றெக்கை என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, என் மனம் அந்த றெக்கையிலேயே நின்றுவிட்டது. றெக்கை வைத்த வண்டியில் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினால் யார் யார் முகம் எப்படி மாறும் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு பாய் கடைக்கு எல்லாரும் போனோம். பாய் மாமாவின் ரசனை அறிந்தவர். முதலில் பம்பரைத்தான் தூக்கி வந்து வைத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. அப்பா அதில் முகம் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அம்மா விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

"நம்ம பக்கத்து உப்புக் காத்துக்கு இது ஒரு மழை தாங்காது பாய். உள்ள வைங்க."

பம்பர் உள்ளே போனது. அதன் பின்னாலேயே கேரியரும் நீல வெளிச்சமும் என் றெக்கையும் போயின. அதுவரை இப்படி ஒரு கடையில் அம்மா காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்த விதத்தில், பாய் மாமாவை விட்டுவிட்டு அவளிடமே பேச ஆரம்பித்தார். சீட் கவருக்கு ரெக்சின் காட்டினார். அம்மா அதன்மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, வேர்த்தால் ஒட்டும், பருத்தித் துணியில் காட்டுங்கள் என்றாள். நடு சீட்டுக்கு முதுகில் வைக்கிற தடித்த மெத்தை ஒன்று கேட்டாள். அப்புறம் கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுகிற படி.

படியில் மட்டும் அவள் லேசில் திருப்தியடையவில்லை. மாட்டிய படியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மெதுவாக ஏறிப் பார்த்தாள். இன்னும் தாழ்த்த வேண்டும் என்றாள். தாழ்த்திய பிறகு மறுபடியும் அதே மாதிரி ஏறி இறங்கினாள். நன்றாக நடக்கிற அம்மா ஏன் இப்படி ஏறுகிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பாய் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாருனா மாசமா கீறாங்களாமா?" என்று கேட்டார். மாதத் தவணையைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா சிரித்தாள். அதன் பிறகு பாய் தானே குனிந்து படியின் போல்ட்டை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

கடைசியாக ஜன்னல். அம்மா கறுப்பு ஃபிலிம் கேட்டாள். ஒட்டினால் போலீஸ் நடுரோட்டிலேயே கிழித்துப் போடுவார்கள் என்று பாய் மறுத்துவிட்டு, ஜன்னல் அளவுக்குச் செய்த வலைத்திரைகளை எடுத்து வந்தார். வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம். அம்மா என்னை உள்ளே உட்கார வைத்துத் திரையை மாட்டிவிட்டு வெளியே போய் நின்றாள். ஏதாவது சேட்டை செய் என்றாள். நான் நாக்கை நீட்டினேன், கண்ணை உருட்டினேன், பாயைப் போல் தாடி தடவிக் காட்டினேன். ஒன்றும் தெரியவில்லை என்றாள். எனக்கோ அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

அம்மா எதிர்க்கடைக்கு நைட்டி எடுக்கப் போன நேரத்தில் மாமா தன் பங்கை முடித்துக்கொண்டார். வெறும் கையோடு திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. ரிவர்ஸ் எடுத்தால் சத்தம் போடுகிற ஹாரன் கேட்டார். பாய் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார். நாய் குரைத்தது, ஒரு பெண் இந்தியில் எச்சரித்தாள், பிறகு நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டின. மாமா என்னைப் பார்த்தார். நான் கெட்டிமேளத்துக்குத் தலையாட்டினேன். உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்கோ என்று அப்பா கழன்றுகொண்டார். அம்மா பையோடு திரும்பியபோது மாமா அவசரமாக விடைபெற்றார். ஹாரன் விஷயத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அங்கிருந்து வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அப்பா வண்டியை வடக்கே விட்டார். கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டித் தாண்டி எண்ணூர் போய்ச் சேர்ந்தோம். புகைபோக்கிகள் தெரிகிற ஒரு தெருவில், கையில் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முகம் அப்பாவின் முகம். அதுதான் அத்தை, அப்பாவின் தங்கை. அதுவரை அவள் எனக்கு அம்மாவின் போனில் வரும் ஒரு குரல் மட்டும்தான். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற, வேறு ஜாதிக்காரர் ஒருவரை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்பதும், இந்த வாசலில் இனி அவள் கால் படக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார் என்பதும், மகளின் பேரைச் சொல்வதையே அவர் நிறுத்திவிட்டார் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று தெரிந்தது அவளுடைய பெரிய வயிறு மட்டும்தான். பார், அம்மா சரியான நேரத்தில் படி போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அத்தையின் கணவர் ஷிப்டுக்குப் போகிற உடையில் இருந்தார். படியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அத்தையை ஏற்றினார். எங்க பக்கம் பெரியவங்க யாரும் இல்ல அண்ணி, பாத்துக்கோங்க என்று அம்மாவிடம் சொன்னார். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று அம்மா முடிவெடுத்து வெகுநாளாகியிருந்தது. தாத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார். அந்த நேரத்தில் சத்தமில்லாமல் சந்துக்குள் வந்து, மாடிப்படியில் ஏற்றிவிட வேண்டியது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுதான் அவள் திட்டம். ராயபுரம் நெருங்கியதும் திரைகளை மாட்டினாள். மாடிக்குப் போகும்வரை வாயே திறக்கக் கூடாது, இது ஒரு விளையாட்டு என்று என்னிடம் சொன்னாள்.

தெருமுனையில் அப்பா ரிவர்ஸ் கியரைப் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது.

அம்மாவின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஹாரனை அடியோடு மறந்திருந்த அப்பா பிரேக்கை மிதித்தார், மேளம் நிற்கவில்லை. கியரை மாற்றினால்தான் நிற்கும். நின்றது. ஆனால் பின்னால் எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. மறுபடி போட்டார், மறுபடி மேளம். சந்தில் கதவுகள் திறந்தன. பிள்ளைகள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து ஓடி வந்தார்கள். அத்தை முதலில் பயந்தாள், அப்புறம் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தாத்தா வெளியே வந்தார். பனியனும் லுங்கியுமாக, தூக்கம் கலைந்த கோபத்தில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்பா திணறுவதைப் பார்த்ததும், கோபத்தை விட அந்தப் பழக்கம்தான் முந்திக்கொண்டது. பிள்ளைகளை ஓரம் தள்ளினார். கையை உயர்த்தினார்.

"வா... வா... லெப்ட்ல ஒடி. அப்டியே வந்துகினே இரு. ஓல்டான்."

மேளம் முழங்க முழங்க, தாத்தா வண்டியை வாசல்வரை கூட்டி வந்தார். வண்டி நின்றபோது அவர் முகம் நடு ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உள்ளே அத்தை மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை. முன்பக்கம் தாவி, திறந்திருந்த கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, தாத்தா, உள்ள எண்ணூர் அத்தை இருக்காங்க, உங்களுக்குத் தெரியலல்ல என்றேன்.

தாத்தா ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார்.

"வண்டில யார் கீறாங்கன்னு நான் கேட்டனா? கதவத் தொறந்தா செவுத்துல இடிக்கும். கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லு உங்கப்பன."

அப்பா முன்னால் எடுத்தார். கதவு முழுசாகத் திறக்க இடம் கிடைத்தது. தாத்தா எங்களுக்கு முதுகைக் காட்டிச் சந்தைப் பார்த்து நின்றுகொண்டு, வேடிக்கை பார்த்தவர்களையெல்லாம் விரட்டினார். அத்தை ஏறி மாடிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் உள்ளே போனார். அவருக்கு வண்டி பிடித்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன்.

அடுத்த சில நாட்களில் அது உறுதியாயிற்று. தாத்தா அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் காலையில் அப்பாவிடம் சாவியை வாங்கி, நடு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். திரை மாட்டியபடியே இருக்கும். எதிரே எங்கள் மாடி வராந்தா. அம்மா டீயை வண்டிக்கே கொடுத்து அனுப்பினாள். டீ கொண்டுபோகும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன். மேலே இன்னா கொழம்பு, எல்லாரும் சாப்ட்டாங்களா, காத்து வருதா என்றெல்லாம் கேட்பார். பருத்தி சீட் எப்படி தாத்தா என்று நான் கேட்டால், சோக்கா கீது என்பார், கண்ணைத் திருப்பாமல். அத்தையும் அந்த நாட்களில் வராந்தாவிலேயே இருந்தாள். நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, காய்ந்த துண்டையே மறுபடி உதறி உதறிக் காயப்போட்டாள். உள்ளே மின்விசிறி இருக்க, இந்த வெயிலில் ஏன் நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு மத்தியானம் அத்தைக்கு வலி எடுத்தது. நல்லவேளையாக அப்பா வீட்டில் இருந்தார். அம்மா கைத்தாங்கலாகப் படியிறக்கி அழைத்து வந்து வண்டிக் கதவைத் திறந்தால், உள்ளே தாத்தா. இறங்கி வழிவிடுவார் என்று எல்லாரும் நின்றோம். அவர் இறங்கவில்லை. அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, முதுகு மெத்தையைத் தட்டிச் சரி செய்தார். அத்தை நடுவில் உட்கார்ந்தாள், அம்மா இந்தப் பக்கம். என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பிரசவ ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். ஆனால் வழியெல்லாம் லாரிகளும் வேகத்தடைகளும். முதல் வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட, அத்தை கத்திவிட்டு தாத்தாவின் கையைப் பிடித்தாள். அவர் மற்றொரு கையால் அவள் கையை மூடிக்கொண்டார்.

"மெதுவா போடா டேய்," என்று அப்பாவை அதட்டினார்.

அப்பா மெதுவாகப் போனார். அத்தை மறுபடி முனகினாள்.

"இன்னாடா உருட்டிகினு கீற? சீக்கிரம் போடா."

அப்பா வேகமெடுத்தார். மறுபடி ஒரு தடை. மெதுவா போடா என்றார். தாண்டியதும், சீக்கிரம் போடா என்றார். ஆஸ்பத்திரி வாசல்வரை இப்படியே போனது. அப்பாவும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், மெதுவாகவும் சீக்கிரமாகவும் ஓட்டிக்கொண்டு போனார். கண்ணாடியில் பார்த்தால் அவர் கண் நிறைய தண்ணீர். இவ்வளவு திட்டு வாங்கினால் யாருக்கும் அழுகை வரும்தான் என்று நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, தாத்தாவுக்கு மெதுவாகப் போக வேண்டுமா சீக்கிரம் போக வேண்டுமா என்பது மட்டும் கடைசிவரை விளங்கவே இல்லை.