குழாயடிக் கற்கள்

புஸ்ஸ்ஸ்...

போன வாரம் எங்கள் டோம்பிவிலி ஃப்ளாட்டில் தண்ணீர் கட். ரெண்டு நாள் கழித்து, திறந்தே வைத்திருந்த குழாயிலிருந்து முதலில் வந்தது காற்று. கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து, வாசலில் நின்று விடுகிற மூச்சு மாதிரி. அப்புறம் ஓர் இருமல். அப்புறம்தான் தண்ணீர்.

வாளி நிறைகிற வரை அங்கேயே நின்றேன். என் காதில் விழுந்தது இந்தக் குழாய் இல்லை. அறுபதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தாராவியில் மூச்சு விட்ட குழாய்.

நான் சாரணியாக இருந்த கதையை உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா? மாதுங்காவில் பள்ளிக்கூடம். நீல யூனிஃபார்ம், கழுத்தில் ஸ்கார்ஃப், தோளில் வாட்டர் பாட்டில். ஆறு பேர் சேர்ந்தால் ஓர் அணி. எங்கள் அணிக்குப் புதுத் தலைவி விஜயம். தலைவிக்கு ஒரு விசில் உண்டு. விஜயம் அதைத் தூக்கத்தில்கூடக் கழற்றுவதில்லை என்று பேசிக்கொள்வோம்.

எங்களை நடத்திய டீச்சரை ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு மாதம் பார்ப்பேன், சரிப்பட்டு வரவில்லையென்றால் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விஜயத்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலைவி என்றால் முன்னால் நிற்பவள் — இதுவும் அவர் சொன்னதுதான். விஜயம் அதைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறினாலும் முன்னால், கோயிலுக்குப் போனாலும் முன்னால்.

அன்றைக்கு சேவை நாள். ரயில்வே லைனைத் தாண்டி தாராவிக்கு நடந்தோம். கேப்டன் இன்னோர் அணியோடு பக்கத்துச் சந்துக்குப் போனார். எங்களுக்குக் கிடைத்தது குழாயடி. சுத்தம் செய்ய வேண்டும்.

செய்தோம். அதுவும் எப்படி! குழாயைச் சுற்றி என்னென்னவோ கிடந்தன... அரைச் செங்கல், நசுங்கிய டப்பா, பானை ஓடு, ஒற்றைச் செருப்பு, கரி பிடித்த அடுப்புக் கல். எல்லாவற்றையும் அள்ளி மூலையில் குவித்தோம். விஜயம் விசில் ஊத ஊத விளக்குமாறு பறந்தது. தரை பளிச். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாக நின்றோம்.

அப்போதுதான் குழாய் மூச்சு விட்டது.

குடங்களோடு பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தரையைப் பார்த்தார்கள். எங்களைப் பார்த்தார்கள்.

குழாயடி தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அது குப்பை இல்லை. அதுதான் வரிசை. விடியும்போதே வந்து ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். குடத்தை வைத்தால் காணாமல் போகும். கல்லை யார் எடுக்கப் போகிறார்கள்?

நாங்கள் எடுத்தோம்.

குவியலைக் காட்டினோம். அவரவர் கல்லை அவரவர் கண்டுபிடித்துவிட்டார்கள். கல் கிடைத்துவிட்டது, வரிசை கிடைக்கவில்லை. தண்ணீரோ கொஞ்ச நேரம்தான் வரும். நல்ல நாளிலேயே கடைசிக் குடத்துக்கு இழுபறி. இப்போது யாரும் யாரையும் பிடிக்க விடவில்லை. நாங்கள் பெருக்கிய பளிச் தரையில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

எடுக்கச் சொன்னது தான்தான் என்று விஜயம் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. விசிலை ஊதினாள். பள்ளி மைதானத்தில் அந்தச் சத்தத்துக்கு மொத்தப் பேரும் சிலையாகிவிடுவோம். இங்கேயும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏளா, போலீசு வந்திருக்கு, வழிய விடுங்க” என்றாள் ஒருத்தி. இசக்கியக்கா என்று மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஒரே சிரிப்பு. பிறகு மறுபடியும் சண்டை.

யார் முதலில் என்று விஜயம் கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது. அத்தனை பேரும் முதல். இசக்கியக்கா எல்லோருக்கும் முதல்.

கேப்டனைக் கூட்டி வரட்டுமா என்று காதோடு கேட்டேன். விஜயம் குழாயைப் பார்த்தாள், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். கேப்டன் வந்தால் விசில் போய்விடும். ஆனால் அவள் செய்தது வேறு — விசிலை அவளே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கூட்டத்தை விட்டு விலகி, கத்தாமல் நின்ற ஒரே ஒருத்தியிடம் போனாள். சின்ன வயசு. இடுப்பில் கைக்குழந்தை, காலடியில் குடம்.

“அக்கா, நீங்க ஏன் ஒண்ணும் கேக்கலை?”

“நான் கடைசில்லா. சத்தம் போட்டா முன்னால போயிருவனா?”

“கடைசின்னு எப்படித் தெரியும்?”

“இது என்ன கேள்வி? இசக்கியக்கா டப்பாவுக்குப் பின்னாலதான என் செங்கலப் போட்டேன்.”

விஜயம் நேரே இசக்கியக்காவிடம் வந்தாள். “உங்களுக்கு முன்னாடி யாரு?”

“அந்தா நிக்கா பாரு, அவ. விடியக்காலம் என்னைய முந்திட்டு ஓடி வந்தவ!”

சொன்ன பிறகுதான் இசக்கியக்காவுக்கு உறைத்தது. அதற்குள் சிரித்தாயிற்று, எல்லோரும். கைகாட்டப்பட்டவளும் தனக்கு முன்னால் நின்றவளைக் காட்டினாள், பழைய கோபத்தோடு. அவள் இன்னொருத்தியை... வாலில் தொடங்கிய வரிசை தலை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நடுவில் நுழையப் பார்த்த ஒருத்தியை முன்னால் இருந்தவளும் பின்னால் இருந்தவளும் சேர்ந்தே விரட்டினார்கள்.

நாம் நிற்கிற இடத்தைப் பற்றி மனுஷர்கள் கூசாமல் பொய் சொல்வோம். நம்மை யார் முந்தினார்கள் என்பதில் மட்டும் சத்தியசந்தர்கள்! பின்னாளில் ஆபீஸ் மீட்டிங்குகளில், ‘நான்தான், நான்தான்’ என்று குரல்கள் எழும்போதெல்லாம், சத்தம் போடாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பது யாரென்று என் கண் தேடும். அங்கிருந்து ஆரம்பித்தால் காரியம் நடக்கும். மேஜையின் தலைமாட்டிலிருந்து ஆரம்பித்து நடந்ததாக நினைவில்லை.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்... ஆனால் ஓடின தண்ணீர் ஓடினதுதானே? குழந்தைக்காரியின் குடம் பாதி நிறையும்போது குழாய் நூலாக இளைத்து, நின்றுபோயிற்று. விஜயம் தன் வாட்டர் பாட்டிலைத் திறந்து குடத்தில் கவிழ்த்தாள். நாங்களும் ஆளுக்கொன்றாகக் கவிழ்த்தோம். நிறையவில்லை. கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து கேப்டன் வந்தார். விஜயம் எதையும் மறைக்காமல் சொன்னாள். விசில் எங்கே என்று கேட்டார். பைக்குள் இருக்கிறது என்றாள். சரி, அங்கேயே இருக்கட்டும் என்றார் கேப்டன். திருப்பிக் கேட்கவில்லை — அன்றைக்கும், மாதம் முடிந்த பிறகும்.

நாங்கள் கிளம்பினோம். குழந்தைக்காரி குடத்தை இடுப்பில் ஏற்றி, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, விஜயத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“அடுத்த மட்டம் வரும்போது நீயும் ஒரு கல்லு கொண்டா, தாயி. எனக்குப் பின்னால போடு.”