பாதி அம்பு

மேற்கு வர்ஜீனியாவில் மான் இல்லையென்றா டென்சில் காட்ரில் அயோவாவுக்குப் போனான்? அவன் வீட்டுக் கொல்லையிலேயே மான் நிற்கும். மனைவி வில்டா போட்ட பீன்ஸ் பாத்தியை மேய்ந்துவிட்டு, அவள் துடைப்பத்தோடு வந்தால்தான் நகரும். ஆனால் அதெல்லாம் மலைச்சரிவில் கொட்டை பொறுக்கி வளர்ந்த நோஞ்சான்கள். அயோவா மான் மக்காச்சோளம் தின்று வளர்ந்தது, ஆண் மானுக்குக் கழுத்து உரல் பருமன் இருக்கும். வெளிமாநிலத்துக்காரன் அதை வில்லால் அடிக்க வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். டென்சில் வருஷம் தவறாமல் பெயர் கொடுத்து, ஐந்தாவது வருஷம் விழுந்தது. பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கும் ஷெட்டில், ஐம்பத்துநாலு வயது மனிதன் கையில் ஸ்பானரோடு குதித்தான்.

ஊரில் அவனுக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒவ்வொரு ஆகஸ்டிலும் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் புதிதாக வில் எடுப்பவர்களுக்கு வகுப்பு நடத்துபவன் அவன்தான். சம்பளம் கிடையாது, ஓசிக் காப்பி மட்டும். அந்த வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டி ஒன்றைச் சொல்வான்: "அம்பு நெஞ்சுல பட்டா அரை மணி நேரம் காத்திரு. வயித்துல பட்டா எட்டு மணி நேரம். மழ வரட்டும், மாமியா வரட்டும், எட்டு மணி நேரம் தேடிப் போகாத. சீக்கிரம் போனா அது எந்திரிச்சு ஓடும். ஓடிட்டா உனக்கும் இல்ல, யாருக்கும் இல்ல." வந்திருக்கும் இருபது பேரும் எழுதிக்கொள்வார்கள்.

அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் போதுமா? கால் வைக்க இடம் வேண்டும். அங்கே நிலமெல்லாம் யாராவது ஒருவருடையது. ஆகவே ஜூலையிலேயே ஒரு வாரம் லீவு போட்டு, பதிமூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, அயோவாவின் வடகிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தான். வேட்டை உடுப்பில் போய்க் கதவு தட்டக் கூடாது, சலவைச் சட்டை வேண்டும். பால் கறக்கிற நேரத்தில் போகக் கூடாது. தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மண் சாலையில் எதிரே வருகிற வண்டிக்காரன் யாராக இருந்தாலும், ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவான். தெரிந்தவன் தெரியாதவன் கிடையாது. டென்சிலும் முதல் நாளே விரலைத் தூக்கிப் பழகிவிட்டான்.

விரல்தான் தூக்கினார்களே தவிர, வேலி தாண்ட யாரும் விடவில்லை.

"எம் மச்சினனுக்கே எடம் இல்லய்யா. அவன் என் பொண்டாட்டிகிட்ட கோள் மூட்டிக்கிட்டு இருக்கான்."

"டாக்டருங்க நாலு பேரு குத்தகைக்கு எடுத்துட்டாங்க. போன வருஷம் வந்திருக்கணும் நீ."

"ஏன், உங்க ஊர்ல மான் தீந்துபோச்சா?"

பதினெட்டுக் கதவு. பத்தொன்பதாவது மார்லிஸ் டெய்க்லண்டின் கதவு. அறுபத்தெட்டு வயது, கணவன் போய் ஒன்பது வருஷம், மாடு வளர்ப்பதை இன்னும் விடவில்லை. சேற்று பூட்ஸோடு வந்து கதவைத் திறந்தாள்.

"பதினெட்டுப் பேரு இல்லேன்னுட்டாங்கம்மா," என்றான் டென்சில். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "நீங்களும் சொல்லலாம். கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "காப்பி குடிப்பியா தம்பி?"

காப்பி குடித்து முடிப்பதற்குள் இடம் கிடைத்துவிட்டது. மூன்று நிபந்தனை.

"திறந்த கேட்ட மூடணும். தெக்கால ஓடை பக்கம் ஆர்லின் லோமன் பரண் கட்டியிருக்கான், இருவத்திரண்டு வருஷமா அவன் எடம், அங்க போகாத. மூணாவது, நல்லாக் கேட்டுக்க. மான் அடிபட்டு ஆப்டலன்னா நேரா என்கிட்ட வா. ஆர்லின்கிட்ட ஒரு நாய் இருக்கு, ரத்தத்த மோந்தே கண்டுபுடிச்சிரும். எந்நேரமானாலும் கூச்சப்படாம சொல்லு. எந் நெலத்துல ஒரு மான் வீணா அழுகிக் கெடக்கக் கூடாது."

"எனக்கு அந்த நாய் தேவப்படாதும்மா," என்றான் டென்சில். ஆணவத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான்.

நவம்பரில், ஆண் மான்கள் புத்தி கெட்டுப் பெட்டைகள் பின்னால் அலைகிற வாரத்தில் வந்தான். ஓக் மரமொன்றில் பரண் கட்டி ஐந்து நாள் விடிவதற்கு முன் ஏறி, இருட்டியபின் இறங்கினான். ஒன்றும் வரவில்லை. ஆறாம் நாள்தான் கடைசி. மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மத்தியானம் மழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு அது வந்தது. பத்துக் கிளைக் கொம்பு. தலையைத் தாழ்த்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வந்தது. நடக்கிற மானை அடிக்கக் கூடாது. வாயால் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தால் நின்று பார்க்கும், அப்போது விட வேண்டும். டென்சில் வகுப்பில் இதையும்தான் சொல்வான். ஆனால் ஐந்து வருஷம் அவன் தொண்டையை அடைத்துக்கொண்டு நின்றது. சத்தம் வரவில்லை. கை மட்டும் விட்டுவிட்டது.

அம்பு ஒரு சாண் பின்னால் பட்டது. அது சாணம் விழுகிற மாதிரி மந்தமான சத்தம், அவனுக்குத் தெரியாததா? மான் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து புதருக்குள் போனது. இறங்கிப் பார்த்தான். அம்பின் பின்பாதி முறிந்து கிடந்தது, மஞ்சள் இறகில் பச்சையும் பழுப்புமாக ஈரம். மூக்கருகே கொண்டுபோனான். வயிறுதான்.

எட்டு மணி நேரம். நாலு மணி வரை உட்கார வேண்டும். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் ரத்தச் சுவடு போய்விடும், மறுநாள் கிளம்ப வேண்டும், ஐந்து வருஷம் போய்விடும். நாய் இருந்தது. கூப்பிட்டால் வரும். ஆனால் கூப்பிட்டால் யாரோ முன்பின் தெரியாத ஆர்லின் வந்து, அம்பை முகர்ந்து பார்த்து, "வயித்துலயா விட்டீங்க?" என்று கேட்பான். தீயணைப்பு நிலையத்து வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்ததும் அவனுக்குக் காது சுட்டது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். எழுந்துவிட்டான்.

நூறு கஜத்தில் அது படுத்திருந்தது. அவனைப் பார்த்தது. எழுந்தது. எழ முடியாமல்தான் எழுந்தது, ஆனாலும் ஓடியது. ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி மறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினொரு மணிக்கே மழை பிடித்தது. சாயங்காலம் வரை முழங்காலில் தவழ்ந்து தேடினான், ஒரு பொட்டு ரத்தம் கிடைக்கவில்லை. அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். மழைக்குப் பிறகும் நல்ல நாய் சுவட்டை எடுத்துவிடும். அவனுக்கு அதுவும் தெரியும்.

மார்லிஸ் சமையலறையில் லெஃப்சா என்கிற நார்வே ரொட்டிக்கு உருளைக்கிழங்கு மாவை அப்பளம் போலத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு தம்பி? மூஞ்சியே சரியில்ல?"

"ஒண்ணு வந்துச்சும்மா." தொப்பியைக் கழற்றினான். "தவறவிட்டுட்டேன்."

"மேல படவே இல்லயா?"

"படல."

அவள் மாவுக் கையோடு அவன் முகத்தைப் பார்த்தாள். "அட விடு. குறி தப்பாதவன் எவன் இருக்கான்? தானா வந்து சொன்ன பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும்." சுடச்சுட இரண்டை வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொடுத்தாள். வாங்கித் தின்றான்.

ஊருக்குத் திரும்பியவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஷெட்டில் கேட்டார்கள், "தவறிடுச்சு" என்றான். வில்டா கேட்டாள், அவளிடமும் அதையே சொன்னான். அம்பின் பின்பாதி மட்டும் வண்டி சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. தூக்கிப் போட எத்தனையோ தடவை கையில் எடுத்தான். முடியவில்லை.

இடம் கொடுத்தவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஏதாவது அனுப்புவது முறை. வில்டா கிண்டிய ஆப்பிள் களியில் இரண்டு ஜாடி அனுப்பினான். டிசம்பர் நடுவில் மார்லிஸ் போன் செய்தாள்.

"களி ரொம்ப ருசி தம்பி. உன் சம்சாரத்துகிட்ட சொல்லு." அப்புறம் குரல் மாறியது. "இங்க ஒரு அசிங்கம் நடந்துபோச்சு. போன வாரம் எங்க கொட்டக நாய் ஒரு மான் காலை வாசல்ல கொண்டாந்து போட்டுச்சு. எங்கருந்துடான்னு பின்னாலயே போனேன். ஊத்தடியில ஒரு பெரிய ஆண் மான், நரி தின்னது போக மிச்சம் அழுகிக் கெடக்கு. விலாவுக்குக் கீழ பாதி அம்பு."

டென்சில் சுவரில் கையை ஊன்றினான்.

"இந்த வருஷம் எந் நெலத்துல வில்லோட நடந்தது ரெண்டே பேரு. நீ தவறவிட்டேன்னு தானா வந்து சொன்ன. ஆர்லின் நான் வில்லையே இழுக்கலன்னு சாதிக்கிறான். ரத்தம் மோந்து புடிக்கிற நாய வீட்ல வெச்சுக்கிட்டு! இனிமே என் வாசப்படி மிதிக்காதன்னுட்டேன். இருவத்திரண்டு வருஷம், தம்பி. மனசு ஆறல."

அப்போதே சொல்லியிருக்கலாம். "அப்படியாம்மா," என்றான். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்கு நடந்தான். ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்தவன், கையில் எதையும் எடுக்காமல் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தான்.

இராச்சாப்பாட்டின்போது வில்டாவிடம் முழுக்கச் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் களிய வேற அனுப்பிவெச்சியா அந்தம்மாவுக்கு?"

"ஆமா."

"போன்ல சொல்லிராத. இடம் கேக்க நேர்ல போன இல்ல? இதுக்கும் நேர்ல போ."

பதிமூன்று மணி நேரம். இந்தத் தடவை பனி. மார்லிஸ் வீட்டுக்குப் போகிற பாதையில் முழங்கால் அளவு கிடந்தது. பனியைத் தள்ளிவிட ஆளில்லை. வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் மட்டும் ஒற்றையடித் தடம், அவளே மண்வெட்டியால் வெட்டியது. டென்சில் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தான். சலவைச் சட்டை. கதவைத் தட்டி, இரண்டடி பின்னால் நின்று, தொப்பியைக் கழற்றினான்.

"அட தம்பி! இந்தப் பனியில என்ன..." என்று திறந்தவள், அவன் கையில் இருந்த மஞ்சள் இறகைப் பார்த்தாள்.

உள்ளே போனாள். தினசரித் தாளில் சுற்றி வைத்திருந்த முன்பாதியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். அவன் பின்பாதியை வைத்தான். அவள்தான் இரண்டையும் நகர்த்திச் சேர்த்தாள். சிராய் சிராயாகப் பொருந்தியது.

"வயித்துல பட்டுச்சு," என்றான். "நான் காத்திருக்கல. பொய் சொல்லிட்டேன்."

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மான விடு. குறி எல்லாருக்கும் தப்பும். எங்க வீட்டுக்காரருக்கும் தப்பியிருக்கு." அவள் குரல் நடுங்கியது, கோபத்தில். "என் வாசல்ல இத்தன வருஷம் பனி தள்ளுனவன நான் பொய்யன்னு சொன்னேன். எதுக்கு? உன் மூஞ்சியப் பாத்து. வெக்கப்பட்டு நின்ன. வெக்கப்படுறவன் பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சுட்டேன்."

டென்சில் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

"அவன்கிட்ட நானும் மன்னிப்புக் கேக்கணும். போன்ல கேட்டுக்கிறேன். ஆனா மொதல்ல நீ போ. அடுத்த மேடு, செவப்புக் கொட்டக. அம்ப எடுத்துட்டுப் போ."

காப்பி குடிக்கிறாயா என்று அவள் கேட்கவில்லை.

இருபதாவது கதவு. முந்தைய பத்தொன்பதும் சேர்ந்தாலும் இதன் கனம் வராது. ஆர்லின் லோமன் நாற்பத்தைந்து வயதுக்காரன், பால் லாரி ஓட்டுகிறவன். கதவைத் திறந்தபோது காலுக்கு இடையில் பழுப்பு நாயொன்று காதைத் தொங்கவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தது. டென்சில் யார் என்பதைச் சொன்னான். செய்ததையும் சொன்னான். எங்கேயும் பூசி மெழுகவில்லை. ஆர்லின் இரண்டு பாதியையும் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

"ஒரு மணி நேரம்."

"என்னிக்கு?"

"நவம்பர் பதினாலாந் தேதி. காலைல எட்டு மணிக்கு."

ஆர்லின் கொஞ்சம் யோசித்தான். "பதினாலு. எனக்கு லீவு அன்னிக்கி," என்றான். திட்டுகிற குரலே இல்லை அது. "நாள் பூரா வீட்லதான் இருந்தேன். இவளும் இங்கதான்," என்று நாயின் தலையைத் தொட்டான், "அடுப்படியில சும்மாப் படுத்துக் கெடந்தா."

அம்பைத் திருப்பிக் கொடுத்தான். நாய் டென்சிலின் கையை முகர்ந்து, நக்கியது. ஆர்லின் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

டென்சில் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், கால் மணி நேரமாகியும் சாவியைத் திருப்பவில்லை. பிறகு கிளம்பி மேடு இறங்கி, திரும்புகிற இடம் தெரியாமல் இரண்டு மைல் போய், வந்த வழியே மறுபடி வந்தான். அப்போது ஆர்லின் எதிரே டிராக்டரில் வந்துகொண்டிருந்தான், முன்னால் பனி தள்ளுகிற பலகை மாட்டியிருந்தது. மார்லிஸ் வீட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தான். போனில் பேசிவிட்டாள் போலிருக்கிறது. டென்சில் வண்டியை ஓரம் கட்டி வழி விட்டான். பழக்கதோஷத்தில் அவன் விரல் ஸ்டியரிங்கிலிருந்து உயர்ந்தது.

ஆர்லின் அவனை நேராகப் பார்த்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடந்து போனான்.