அக்கா வீட்டில் திருடியவர்களுக்கு

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டில் திருடியவர்கள். மீதிப் பேர் திருடிவிட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள். உங்கள் எல்லோரையும் உடன்பிறந்த தம்பி என்ற முறையில் வரவேற்கிறேன்.

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் அக்கா பிறந்தார். தாய் தகப்பனை இழந்தபோது நான் சிறுவன். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார். பிறகு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு எடுத்தால், "இருக்கிற பிள்ளைக பத்தாதா தம்பி" என்பார். கடைசிவரை அதே பதில்தான்.

இனி மணிப்பிளாண்ட் கதைக்கு வருகிறேன். அந்தக் கொடியைத் திருடி வைத்தால்தான் தழைக்கும், கேட்டு வாங்கினால் பட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அக்காவோ பக்கத்து வீட்டுக் கொய்யா நம் வாசலில் விழுந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டு வாசலில் தொங்கிய கொடிமேல் ஆசை வந்தபோது, நேராக அந்த வீட்டம்மாவிடமே போய்க் கேட்டார்.

"அம்மா, நாளைக்குச் சாயங்காலம் உங்க கொடியத் திருட வரலாம்னு இருக்கேங்க. உங்களுக்குத் தோதுப்படுமா?"

கிளாக்கரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். "நாளைக்கு வீட்டில ஒருத்தரும் இல்லை, வராதையும். வெள்ளிக்கிழமை வாரும். நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றாராம்.

வெள்ளிக்கிழமை அக்கா திருடினார். மனசு கேட்காமல், கைப்பிடி போஞ்சிக்காயை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். ஜாம் போத்தல் தண்ணீரில் அந்தத் துண்டு வேர் விடாமல் அழுகிப்போனது. கணுவை விட்டுவிட்டு வெறும் இலைக்காம்பைக் கிள்ளி வந்தால் எப்படி வேர் விடும்? நான் சொல்லாத நாளில்லை. அக்கா ஏற்கவில்லை.

"போஞ்சி வச்சேன்ல, அது யாவாரமாப் போச்சு. அதான் வரல."

இரண்டாம் முறை எதையும் வைக்காமல் நீளமாக வெட்டி வந்தார். வெள்ளை வெள்ளையாய் வேர் இறங்கியது. அன்றிலிருந்து அக்கா அந்தச் சட்டத்தின் காவலரானார்.

கொடி வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பின் விட்டம் முழுக்க ஓடி அடர்த்தியாகத் தொங்கியது. அதை வெட்டிப் போத்தல்களில் போட்டுத் தண்ணீர் மாற்றுவார். வேர் விரல் நீளம் வந்ததும், வேண்டியவர்கள் திருடிப்போகட்டும் என்று வாசல் குட்டைச் சுவரில் வரிசையாக வைப்பார். வாசலில் ஆள் அரவம் கேட்டால், "நான் உள்ள போறேன், யாரு வந்தாலும் எனக்குத் தெரியாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார். ஒரு முறை புதுப்பெண் ஒருத்தி, "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லித் தொலைத்தாள். அக்கா அவள் கையிலிருந்து போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சொல்லிட்டியா? இனி அது வராது. அடுத்த வாரம் வாய மூடிக்கிட்டு வா."

மழைக்காலத்தில் மேட்டில் வெடிப்பு விழுந்து, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்கா ஒரு பையோடு பதுளைக்கு என் வீட்டுக்கு வந்தார். பிறகு மண் சரிந்து இஸ்தோப்போடு கொடியும் போனது. அக்காவின் சிறுநீரகமும் அப்போது கைவிரித்துவிட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. "ஜன்னல் மொட்டையா இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். கடையில் ஒரு தொட்டி வாங்கி வந்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது அவருடைய கொடி. நாட்கள் அதிகம் இல்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அக்கா வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தியான செல்வி பண்டாரவளையில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கொடி அக்கா வீட்டில் திருடியது. கோயில் சபையின் பொருளாளராகிய நான், குடைக்குள் பிளேடை ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வீட்டுப் பக்கச் சுவரில் ஏற முயன்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமா, அந்தப் பக்கம் நாய் நிக்கிது. முன்னால வந்து திருடுங்க. நான் டீவி பாக்குறேன்."

நாக்கு நுனிவரை வந்த நன்றியை விழுங்கிக்கொண்டு வெட்டினேன்.

படுக்கையில் கிடந்த அக்கா துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணு பாத்துத்தானே வெட்டுன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப போஞ்சி?"

அக்கா சிரித்தார். "போஞ்சி வச்சா வரும்னு ஆயிட்டா, ஆளாளுக்கு எதையாச்சும் கொண்டாந்து வைப்பாங்க. ஒண்ணுமில்லாதவ எப்படிடா என் வாசலுக்கு வருவா?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. வேர் எட்டிப் பார்த்ததை அக்கா பார்த்தார். மண்ணுக்கு மாற்றியபோது அவர் இல்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், நினைத்த நேரத்தில் ஓட்டோ எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவிடம் திருடியவர்களுக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன்.

வாசல் சுவரில் போத்தல்கள் வரிசையாக இருக்கின்றன. கணு பார்த்துத்தான் வெட்டியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பக்கம் போங்கள். நான் உள்ளே போகிறேன். யார் வந்தாலும் எனக்குத் தெரியாது.